‘இன்னைக்கு கேஸ் இருக்கு, இறங்குங்க ஐயா’: புராஸ்டேட் கதிர்வீச்சின் நூறு வருடக் கதை

இந்த எபிசோடோட ஆரம்பம் ஒரு ஆஸ்பத்திரியின் பேஸ்மெண்ட். கதிர்வீச்சு மெஷின் பெரும்பாலும் கீழ்த்தளத்தில்தான் இருக்கும். கனமான சுவர், கனமான கதவு, வெளியே வரிசையா நாற்காலி. அங்கே சில வாரம் தினமும் காலையில் என் பெரியப்பாவோடு போய் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வயசு 71. ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். புராஸ்டேட் புற்றுநோய். டாக்டர் 20 சிட்டிங் எழுதியிருந்தார். எங்க வீட்டில் நோயோட பெயரை யாரும் சொல்ல மாட்டோம். ‘பெரியப்பாவுக்கு கரண்ட் வைக்கிறாங்க’. அவ்வளவுதான்.

முதல் நாளே இரண்டு விதி சொல்லி அனுப்பினார்கள். ஒன்று, வரும்போது மலக்குடல் காலியா இருக்கணும். இரண்டு, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கணும். அரை லிட்டர் தண்ணி குடிச்சிட்டு முக்கால் மணி நேரம் அடக்கணும். புராஸ்டேட் தொல்லை இருக்கிற 71 வயசுக்காரர்கிட்ட முக்கால் மணி நேரம் அடக்குங்கன்னு சொல்றது எவ்வளவு பெரிய வேலைன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ஆறாவது நாள். முந்தின ராத்திரி சொந்தக்காரர் வீட்டு விசேஷம். மொச்சைக் கொட்டைக் குழம்பு. பெரியப்பா இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டார். காலையில் மெஷினில் ஏறிப் படுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே டெக்னீஷியன் வந்து, “ஐயா, வயித்துல கேஸ் நிறைய இருக்கு. கொஞ்சம் நடங்க, பாத்ரூம் போயிட்டு வாங்க. திரும்பத் தண்ணி குடிச்சிட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுப் பார்ப்போம்” என்றார். பெஞ்சில் இருந்த பத்துப் பேருக்கும் கேட்டது.

பெரியப்பா முகம் சிவந்துபோச்சு. “நாலு பேர் முன்னாடி கேஸ்ங்கிறான்டா” என்றார் என் காதில். நாற்பது வருஷம் பிள்ளைகளை பெஞ்சு மேல ஏற்றினவர், இப்போ தானே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் கோபம். உள்ளே போய், “கொஞ்சம் கேஸ் இருந்தா என்ன சார் ஆகிடும்?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறப் படம், அதன் மேல் ஒரு வண்ணக் கோடு. “இந்தக் கோடு, பிளான் போட்ட அன்னைக்கு புராஸ்டேட் இருந்த இடம். இந்தக் கறுப்பு, மலக்குடல்ல இருக்கிற காற்று. அது புராஸ்டேட்டை முன்னாடி தள்ளியிருக்கு. நாங்க அடிக்கப் போறது இங்க. அது இருக்கிறது அங்க.”

“எவ்வளவு தள்ளியிருக்கு?”

“ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி.”

அந்த ஒரு சென்டிமீட்டரைக் கண்ணால் பார்க்க மருத்துவத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் பிடித்தது. இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

நெல்லிக்காயும் அக்கம்பக்கமும்

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி. நல்ல பெரிய நெல்லிக்காய் அளவு. விந்துத் திரவத்தில் ஒரு பங்கு இங்கேதான் சுரக்கிறது. மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவே துளைத்துக்கொண்டு போவது சிறுநீர்க் குழாய்.

இந்த அக்கம்பக்கம்தான் பிரச்சினை. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் நாள் முழுக்க நிரம்பும், காலியாகும். இரண்டு பலூனுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நெல்லிக்காய் மாதிரி புராஸ்டேட் அசைந்துகொண்டே இருக்கும். பின்னால் இருக்கும் மலக்குடல் கதிர்வீச்சை அதிகம் தாங்காது. அளவு மீறினால் புண், இரத்தக் கசிவு, அடிக்கடி ஓடும் அவசரம் எல்லாம் மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூட வரலாம்.

ஆக, புற்றுநோயை அழிக்கும் அளவுக்கு அடிக்கணும், பக்கத்து வீட்டுக்குச் சேதம் வரக் கூடாது. புராஸ்டேட் கதிர்வீச்சின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிக்குள்தான்.

விரல்தான் கண்

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1898-ல் பாரிஸில் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் டாக்டர்கள் உடனே புற்றுநோய் மேல் பிரயோகிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்தக் கால எக்ஸ்ரேக்கு பலம் குறைவு. மார்பிலோ தோலிலோ இருக்கும் கட்டியை எட்டும். இடுப்புக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் புராஸ்டேட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தோல் வெந்துவிடும். அதனால் சிலர் வேறு வழி யோசித்தார்கள். வெளியே இருந்து அடிக்க முடியவில்லையா, உள்ளேயே கொண்டுபோய் வைப்போம்.

1911-ல் பாரிஸில் ஆக்டாவ் பாஸ்தோ என்ற சிறுநீரக மருத்துவர், குழாய்க்குள் ரேடியம் வைத்து, அதைச் சிறுநீர்க் குழாய் வழியாகப் புராஸ்டேட் வரை செலுத்திய முறையைப் பற்றி எழுதினார். சில வருஷங்களில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் பெஞ்சமின் பாரிங்கர் ஒரு படி மேலே போனார். நீளமான ரேடியம் ஊசியை, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தசை வழியாகப் புராஸ்டேட்டுக்குள் குத்தினார்.

ஊசி சரியான இடத்துக்குப் போகிறதா என்று எப்படித் தெரியும்? இன்னொரு கையின் விரலை மலக்குடலுக்குள் வைத்து, தொட்டு உணர்ந்து, அந்தத் திசையில் குத்துவார். ஸ்கேன் கிடையாது, அல்ட்ராசவுண்ட் கிடையாது. விரல்தான் கண். கைப்பழக்கம் உள்ள டாக்டர் கிடைத்த நோயாளி அதிர்ஷ்டசாலி. மற்றவர்களுக்கு ரேடியம் ஒரு பக்கம் குவிந்து புண்ணாகும், இன்னொரு பக்கம் எட்டவே எட்டாது.

அப்புறம் 1941-ல் கதையே திரும்பியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ், புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்றுதான் வளர்கிறது, ஹார்மோனை நிறுத்தினால் சுருங்குகிறது என்று காட்டினார். எலும்பு வலியில் துடித்தவர்கள் சில நாட்களிலேயே எழுந்து உட்கார்ந்தார்கள். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹார்மோன் இருக்கும்போது ரேடியம் எதுக்கு என்று கதிர்வீச்சைப் பரணில் போட்டார்கள். ஆனால் ஹார்மோன் நோயை அடக்கி வைக்குமே தவிர, பெரும்பாலும் வேரோடு எடுக்காது. கொஞ்ச காலத்தில் நோய் திரும்பியது.

பலம் வந்தது, குறி வரவில்லை

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இரண்டு கருவிகள் வந்தன. ஒன்று கோபால்ட் மெஷின். அணு உலையில் தயாரான கோபால்ட்-60-ஐ வைத்து கனடாவில் 1951-ல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். இன்னொன்று லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமாக லினாக். போரில் ரேடாருக்காக வளர்ந்த மைக்ரோவேவ் நுட்பத்தை வைத்து எலக்ட்ரான்களை வேகமாக முடுக்கி, பலமான எக்ஸ்ரே உண்டாக்கும் கருவி. லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 1953-லும், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 1956-லும் லினாக் சிகிச்சை ஆரம்பித்தது. ஸ்டான்ஃபோர்டில் முதல் நோயாளி கண்ணில் புற்றுநோய் வந்த இரண்டு வயதுக் குழந்தை.

இந்தக் கதிர் தோலைப் பெரிதாகச் சுடாமல் ஆழத்துக்குப் போகும். ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கேப்லனோடு வேலை பார்த்த மால்கம் பாக்ஷா இதைப் புராஸ்டேட் மேல் பயன்படுத்தினார். 1965-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை பலர் மனதை மாற்றியது. அதுவரை கதிர்வீச்சு வலிக்கு ஆறுதல் மட்டும்தான் என்று நினைத்தார்கள். புராஸ்டேட் தாண்டிப் பரவாத நோயைக் கதிரால் குணப்படுத்தவே முடியும் என்று பாக்ஷா வாதாடினார்.

சரி, குறி எப்படி வைத்தார்கள்? சாதாரண எக்ஸ்ரேயில் புராஸ்டேட் தெரியாது. எலும்பு தெரியும். சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய திரவத்தை நிரப்பி, இந்த நிழலுக்கும் அந்த நிழலுக்கும் நடுவேதான் அது இருக்கணும் என்று கணக்குப் போட்டார்கள். தோலில் ஒரு புள்ளி குத்திவிட்டு, தினமும் அந்தப் புள்ளியை வைத்து நோயாளியைப் படுக்க வைத்தார்கள்.

இடம் நிச்சயமாகத் தெரியாதபோது என்ன செய்வோம்? வலையைப் பெரிதாக வீசுவோம். அதையேதான் செய்தார்கள். நெல்லிக்காயைச் சுற்றி ஒரு பெரிய பெட்டி. நாலு பக்கமும் கதிர். பெட்டிக்குள் மலக்குடலும் சிறுநீர்ப்பையும் கொஞ்சம் வந்துதான் தீரும். அதனால் அளவை ஒரு எல்லைக்கு மேல் ஏற்ற முடியவில்லை. கதிர்வீச்சை அளக்கும் அலகு ‘கிரே’. பல பத்து வருஷம் 70 கிரேயை ஒட்டித்தான் வண்டி நின்றது. அதற்கு மேல் போனால் மலக்குடல் தாங்காது. அது நிறையப் பேருக்குப் போதவில்லை என்று சந்தேகம் இருந்தும், நிரூபிக்க வழியில்லை.

கண் திறந்தது

1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன் அருகே ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. கொஞ்ச வருஷத்தில் உடம்பு முழுவதற்கும் ஸ்கேனர் வந்தது. அதில் புராஸ்டேட்டின் உருவமே கண்ணுக்குத் தெரிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் உள்ளே வைக்கும் முறையும் திரும்ப வந்தது. நியூயார்க்கில் வில்லட் விட்மோர் குழு, வயிற்றைத் திறந்து, அயோடின்-125 நிரப்பிய அரிசி மாதிரியான விதைகளைப் புராஸ்டேட்டில் கையால் நட்டது. விதைகள் சீராகப் பரவவில்லை. இடைவெளியில் புற்றுநோய் தப்பித்தது. 1980-களின் ஆரம்பத்தில் கோபன்ஹேகனில் ஹான்ஸ் ஹென்ரிக் ஹோல்ம், மலக்குடலுக்குள் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தினார். யோசிச்சுப் பாருங்க, பாரிங்கரின் விரல் இருந்த அதே இடம்தான். விரலுக்குப் பதிலாக இப்போ ஒரு கண்.

வெளியிலிருந்து அடிக்கும் பக்கத்தில், சி.டி. படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கி முப்பரிமாண உருவம் செய்து, அதன் வடிவத்துக்கு ஏற்றபடி கதிரை வெட்டி வளைக்கும் நுட்பம் வந்தது. பெட்டி போய், அளவெடுத்துத் தைத்த சட்டை வந்தது. இன்னொரு உதவி, இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனை. 1986-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதுவரை சிகிச்சை தோற்றது எலும்பு வலி வந்த பிறகுதான் தெரியும். இப்போ ஒரு ஊசிக் குத்தில், பல வருஷம் முன்னாடியே தெரிந்துவிடும்.

இனிமேல் அந்தப் பழைய சந்தேகத்தைச் சோதிக்கலாம். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் 1993 முதல் 1998 வரை சுமார் 300 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு 70 கிரே, மீதிப் பேருக்கு 78. எட்டு வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள், 70 கிரே குழுவில் 59 சதவீதம், 78 கிரே குழுவில் 78 சதவீதம். பழைய அளவு போதவில்லை என்பது உறுதியானது.

ஆனால் இதற்கு விலையும் இருந்தது. கவனிக்கத்தக்க மலக்குடல் பாதிப்பு 70 கிரே குழுவில் 12 சதவீதம், 78 கிரே குழுவில் 26 சதவீதம். நாலில் ஒருத்தர்.

அப்போ ஒரே வழி, சட்டையை இன்னும் ஒட்டித் தைப்பது. கதிரின் பலத்தையே புள்ளி புள்ளியாகக் கூட்டிக் குறைக்கும் ஐ.எம்.ஆர்.டி. நுட்பம் வந்தது. ஓரம் சுருங்கியது. பக்கத்து வீடு தப்பித்தது. இங்கேதான் கதையில் ஒரு சிக்கல்.

ஒரு நாள் தப்பு, 39 நாள் தண்டனை

வலை பெரிதாக இருந்தவரை மீன் கொஞ்சம் நகர்ந்தாலும் பரவாயில்லை. ஓரத்தைச் சுருக்கினால்? மீன் நகர்கிறது என்பதே அப்போதுதான் உறைக்கிறது.

1990-களின் நடுவில் கனடாவில் ஹுவானிட்டா குரூக் போன்றவர்கள், புராஸ்டேட்டுக்குள் சின்னத் தங்க மணிகளைப் பதித்தார்கள். தங்கம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். எலும்பு அதே இடத்தில் இருக்க, சிகிச்சை நடக்கும் வாரங்களில் மணிகள் இடம் மாறியிருந்தன. எலும்பையும் தோல் புள்ளியையும் நம்பிப் படுக்க வைத்த அத்தனை நாளும், உள்ளே நெல்லிக்காய் வேறு இடத்தில் இருந்திருக்கலாம்.

சரி, நகர்ந்தால் நோயாளிக்கு நிஜமாகவே கெடுதலா? இந்தக் கேள்விக்கு 2005-ல் வந்த பதில்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ரெனோ தெ க்ரெவாஸியே என்ற பிரெஞ்சு டாக்டரும் எம்.டி. ஆண்டர்சன் குழுவினரும், 78 கிரே வாங்கிய 127 பேரின் பழைய பிளானிங் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் அளந்தது ஒன்றே ஒன்று. ஸ்கேன் எடுத்த அன்று மலக்குடல் எவ்வளவு விரிந்திருந்தது?

மலக்குடல் காலியாக இருந்தவர்களில் ஆறு வருஷம் கழித்து 92 சதவீதம் பேருக்கு பி.எஸ்.ஏ. கட்டுக்குள் இருந்தது. விரிந்திருந்தவர்களில் 63 சதவீதம்தான். அதே நோய், அதே மெஷின், அதே 78 கிரே. வித்தியாசம், ஸ்கேன் எடுத்த ஒரு நாள் குடலில் மலமோ காற்றோ இருந்தது.

ஏன் இப்படி? மெதுவாகப் பார்ப்போம். பிளானிங் ஸ்கேன் ஒரு தடவைதான் எடுப்பார்கள். அன்று குடல் உப்பியிருந்தால் புராஸ்டேட் முன்னால் தள்ளப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் அதைத்தான் நிஜமான இடம் என்று பதிவு செய்யும். அப்புறம் 39 நாள் சிகிச்சை. பெரும்பாலான நாட்களில் குடல் அந்த அளவுக்கு உப்பியிருக்காது. புராஸ்டேட் பின்னால், தன் வழக்கமான இடத்தில் இருக்கும். கதிரோ முன்னால் அடித்துக்கொண்டிருக்கும். புராஸ்டேட்டின் பின்பகுதி தினமும் குறைவாக வாங்கும். புற்றுநோய் அதிகம் வருவதும் அந்தப் பின்பகுதியில்தான்.

இன்றைக்கு முன்னால், நாளைக்குப் பின்னால் என்று தவறு மாறி மாறி வந்தால் கொஞ்சம் சரிக்குச் சரியாகிவிடும். தினமும் ஒரே பக்கம் தவறினால் ஈடே கிடையாது. ஒரு நாள் தப்பு, 39 நாள் தண்டனை. யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை என்பதுதான் இதில் கொடுமை. பிளான் சரி, மெஷின் சரி. குறி மட்டும் ஒரு பழைய படத்தை நோக்கி இருந்தது.

தினமும் ஒரு படம்

பதில் எளிமையானது. ஒரு தடவை பார்த்தால் போதாது, தினமும் பார்க்கணும். சிகிச்சைக்கு முன் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். தங்க மணிகளை வைத்துவிட்டு எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில், வில்லியம் பூமான்ட் மருத்துவமனையில் டேவிட் ஜாஃப்ரே, ஜான் வாங் குழு, லினாக்கின் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்ரே குழாயையும் தட்டையான ஒரு பலகையையும் பொருத்தியது. நோயாளி படுத்திருக்க, மெஷின் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அந்த இடத்திலேயே சி.டி. படம் தந்தது. இதுதான் கோன்-பீம் சி.டி. பெரியப்பாவைப் படுக்க வைத்ததும் சுற்றி வந்த கை இதுதான். டெக்னீஷியன் எனக்குக் காட்டிய சாம்பல் படமும் இதிலிருந்து வந்ததுதான்.

நியூயார்க்கில் மைக்கேல் ஸெலெஃப்ஸ்கி குழு 2012-ல் ஒரு ஒப்பீடு வெளியிட்டது. 86.4 கிரே வாங்கியவர்களில், தினமும் தங்க மணிகளை வைத்துக் குறி பார்த்தவர்களுக்கு மூன்று வருஷத்தில் கவனிக்கத்தக்க சிறுநீர்ப் பாதிப்பு 10 சதவீதம். அப்படிப் பார்க்காதவர்களுக்கு 20. பாதிக்குப் பாதி.

39-லிருந்து 20, 20-லிருந்து 5

1999-ல் டேவிட் பிரென்னர், எரிக் ஹால் என்ற இரண்டு ஆய்வாளர்கள், புராஸ்டேட் புற்றுநோய் மெதுவாக வளரும் நோய், அதனால் சின்னச் சின்ன அளவாகப் பல நாள் கொடுப்பதைவிட பெரிய அளவாகச் சில நாள் கொடுத்தால் அதற்கு அதிகம் வலிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிரிட்டனை மையமாகக் கொண்டு 71 மருத்துவமனைகளில் 3,216 பேரோடு நடந்த ‘சிப்’ ஆய்வு இதைச் சோதித்தது. 37 நாளில் 74 கிரே ஒரு குழுவுக்கு, 20 நாளில் 60 கிரே இன்னொரு குழுவுக்கு. 2016-ல் முடிவு வந்தது. ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 88 சதவீதம், 91 சதவீதம். இருபது நாள் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. பெரியப்பாவின் 20 சிட்டிங் எங்கிருந்து வந்தது என்று இப்போ புரியுதா?

2024-ல் வெளியான ‘பேஸ்-பி’ ஆய்வில், அதிக ஆபத்தில்லாத நோய் உள்ளவர்களுக்கு வெறும் 5 சிட்டிங். ஐந்து வருஷத்துக்குப் பிறகும் நோய்க் கட்டுப்பாடு வழக்கமான சிகிச்சைக்கு நிகராக, இரண்டு குழுவிலும் 95 சதவீதத்தை ஒட்டி இருந்தது. சிறுநீர்த் தொல்லை மட்டும் ஐந்து நாள் குழுவில் கொஞ்சம் அதிகம்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கு. 39 நாளில் ஒரு நாள் குறி தவறினால் நஷ்டம் 39-ல் ஒரு பங்கு. 5 நாளில் ஒரு நாள் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு. நாள் குறையக் குறைய, ஒவ்வொரு நாளும் குறி பிசகாமல் இருக்கணும். அதனால்தான் இப்போ சில இடங்களில் எம்.ஆர்.ஐ.யையும் லினாக்கையும் ஒரே மெஷினாக இணைத்திருக்கிறார்கள். இந்த யோசனையை வளர்த்த நெதர்லாந்தின் உட்ரெக்டில் 2017-ல் முதல் நோயாளிக்கு அப்படிச் சிகிச்சை நடந்தது. லாஸ் ஏஞ்சலஸில் அமர் கிஷன் குழு 156 பேரோடு நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், சி.டி. வழியில் 4 மில்லிமீட்டர் ஓரம், எம்.ஆர்.ஐ. வழியில் 2 மில்லிமீட்டர் ஓரம். ஆரம்ப மாதங்களில் கவனிக்கத்தக்க சிறுநீர்த் தொல்லை 43 சதவீதத்திலிருந்து 24-ஆகக் குறைந்தது. இரண்டே மில்லிமீட்டர்!

துல்லியம் எல்லாத்தையும் தருமா?

தராது. இதையும் சொல்லிவிடணும். 78 கிரே ஆய்வில் நோய் திரும்புவது குறைந்ததே தவிர, மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த வயதில் இதயமும் மற்ற நோய்களும் போட்டிக்கு நிற்கின்றன. பிரிட்டனின் ‘புரொடெக்ட்’ ஆய்வில், பி.எஸ்.ஏ. மூலம் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 15 வருஷத்தில் எந்தக் குழுவாக இருந்தாலும் ஏறக்குறைய 97 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்கவில்லை. எல்லா புராஸ்டேட் புற்றுநோய்க்கும் அவசரமாகக் கதிர் வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும், யாருக்கு காத்திருக்கலாம் என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

ஆனால் சிகிச்சை என்று முடிவானால், மீதி இருக்கும் பதினைந்து, இருபது வருஷத்தை எப்படி வாழ்வது என்பதில் அந்த மில்லிமீட்டர்களுக்கு நிறைய வேலை இருக்கு. பஸ்ஸில் பயமில்லாமல் ஊருக்குப் போகலாமா, பேரன் கல்யாணத்தில் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரலாமா. சதவீதம் என்று நான் வாசித்ததெல்லாம் இதுதான்.

திரும்பவும் பெஞ்சு

அன்று ஆஸ்பத்திரி வளாகத்தில் பெரியப்பாவும் நானும் நாலு சுற்று நடந்தோம். டெக்னீஷியன் காட்டிய படத்தைப் பற்றிச் சொன்னேன். முதலில் பேசவில்லை. மூன்றாவது சுற்றில், “அப்போ அந்தப் பையன் திருப்பி அனுப்பலேன்னா வேற எங்கேயோ அடிச்சிருக்கும்?” என்றார். ஆமா என்றேன். திரும்பப் போய்ப் படுத்தார். அந்தத் தடவை கோடும் படமும் பொருந்தின.

அடுத்த வாரம் நான் போனபோது, பெஞ்சில் புதிதாக வந்த ஒருவரிடம் ஹெட்மாஸ்டர் குரலில் பாடம் நடந்துகொண்டிருந்தது. “மொச்சை, பட்டாணி, முட்டைக்கோஸ், சோடா எதுவும் கூடாது. ஏன்னு கேளுங்க...” அப்புறம் கையை மடக்கி, இது சிறுநீர்ப்பை, இது மலக்குடல், நடுவுல நெல்லிக்காய் என்று விளக்கினார். நாலு பேர் முன்னாடி ‘கேஸ்’ என்று சத்தமாகச் சொன்னார்.

20-வது சிட்டிங் முடிந்த அன்று எங்க வீட்டில் சாப்பாடு. பெரியப்பா அந்தப் பெஞ்சுப் பாடத்தைத் திரும்ப ஒரு தடவை நடத்தினார். எல்லாரும் எழுந்து போன பிறகு, என் அப்பா மட்டும் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். “எனக்கும் ராத்திரி நாலு தடவை எந்திரிக்க வேண்டியிருக்குடா. ரெண்டு வருஷமா” என்றார். அவருக்கு 66. அந்த வயதில் இது பெரும்பாலும் சாதாரண வீக்கமாகத்தான் இருக்கும். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவருக்கும் வீக்கம்தான்.

உங்க வீட்டிலும் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற ஒருத்தர் இருக்கலாம். கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.